மூன்று நகரங்கள், ஒரு நகைக்கடை: கார்த்தியே குடும்பத்தின் வரலாறு

நகைக்கடை என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் வருகின்ற தொழில். பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கலாம், கல்லை நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் விற்பவனின் நாணயத்தை அவன் குடும்பப் பெயரைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருக்கிறது. பாரிஸ் நகரத்தின் கார்த்தியே குடும்பம் 1847 முதல் 1974 வரை, 127 ஆண்டுகள், அப்பெயரைத் தன் கையில் வைத்திருந்தது. மூன்று சகோதரர் மூன்று தேசங்களுக்குப் பிரிந்து சென்றதால் அக்கடை உயர்ந்தது. அது குடும்பத்தின் கையை விட்டுப் போனதற்கும் அந்தப் பிரிவே பெருங் காரணம்.

லூயி பிரான்சுவா கார்த்தியே செல்வந்தர் வீட்டுப் பிள்ளையல்லர். பிக்கார் என்னும் நகை வேலைக்காரரிடம் தொழில் பழகி, 1847இல் அவருடைய பட்டறையையே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1874இல் மகன் அல்பிரட் பொறுப்பேற்றார். 1899இல் கடை, செல்வர்கள் உலாவும் ரூ டி லா பே வீதிக்கு மாறியது.

அதற்கு முதல் ஆண்டு ஒரு கலியாணம் நடந்தது. அல்பிரட்டின் மூத்த மகன் லூயி, பாரிசில் புகழ்பெற்றிருந்த வேர்த் என்னும் உடை அலங்கார நிறுவனத்துக் குடும்பத்தில் பெண் எடுத்தார். சாதகம் பார்த்தார்களோ இல்லையோ, இரு வியாபாரங்களுக்கும் பொருத்தம் நன்றாக இருந்தது. சீமாட்டிகளுக்கு உடை தைப்பவரும் நகை செய்பவரும் சம்பந்திகள் ஆனார்கள். தம்பதிகளுக்குத்தான் பொருந்தவில்லை, பின்னர் விவாகரத்தில் முடிந்தது.

லூயிக்கு பியர், ஜாக் என இரு தம்பியர். அண்ணன் பாரிசில் இருக்க, 1902இல் லண்டனிலும் 1909இல் நியூயோர்க்கிலும் கிளைகள் திறக்கப்பட்டன. லண்டன் ஜாக்கிடமும், நியூயோர்க் பியரிடமும் வந்தன. தொலைபேசி எளிதில் கிட்டாத அக்காலத்தில் கடிதங்களே மூவரையும் இணைத்தன. எந்தக் கல்லை வாங்குவது, எவருக்குக் கடன் கொடுப்பது என்பதெல்லாம் கடிதங்களிலேயே பேசப்பட்டன.

1911இல் டில்லி தர்பாருக்காக ஜாக் இந்தியா வந்தார். நகை அணிவதில் அங்கே மகாராசாக்களே மகாராணிகளை மிஞ்சி நின்றதை அவர் கண்டார். அவர்களோ தங்கள் பாட்டன் காலத்துக் கற்களைப் பாரிஸ் பாணியில் பிளாட்டினத்தில் மாற்றிப் பதிக்க விரும்பினார்கள். அதே வேளையில் பாரிஸ் சீமாட்டிகளுக்கு, இலையும் பூவுமாகச் செதுக்கிய இந்திய மரகதமும் மாணிக்கமும் நீலமும் வேண்டியிருந்தன. இக்கரைக்கு அக்கரை பச்சை. நடுவில் நின்ற வியாபாரிக்கு இரு கரையிலும் இலாபம்.

பட்டியாலா மகாராசா பூபீந்தர் சிங்குக்காக 1928இல் செய்து முடிக்கப்பட்ட ஆரத்தில் 2,930 வைரங்கள் இருந்தன. நடுவில் தொங்கிய மஞ்சள் வைரம் மட்டும் 234 கரட்டுக்கு மேல். 1948 அளவில் இந்த ஆரம் கருவூலத்திலிருந்து மறைந்தது. அந்த மஞ்சள் வைரம் 1982இல் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. பெருங்கற்களை இழந்த ஆரத்தின் எஞ்சிய பகுதி 1998இல் லண்டனில் ஒரு பழம்பொருட் கடையில் அகப்பட்டது.

பியர் நியூயோர்க்கில் செய்த ஒரு வியாபாரத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1917இல் மோர்ட்டன் பிளான்ட் என்ற கோடீசுவரரின் மனைவி, கார்த்தியேயின் இரட்டைவட முத்துமாலை ஒன்றில் ஆசை வைத்தார். அதன் மதிப்பு பத்து இலட்சம் டொலர். பியர் அம்மாலையையும் நூறு டொலரையும் கொடுத்து, ஐந்தாம் அவெனியூவிலிருந்த அவர்களின் மாளிகையை வாங்கிவிட்டார்.

முத்துக்கு இத்தனை மதிப்பா என்று இளையவர்கள் வியக்கலாம். அன்று முத்து என்றால் கடலடியில் மூச்சடக்கி எடுத்ததுதான். நம் மன்னார்க் கடலில் 1905இல் பெரும் முத்துக்குளிப்பு நடந்ததும், ஜாக் பாரசீக வளைகுடாவுக்கு முத்துத் தேடிச் சென்றதும் அதே காலத்தில்தான். பிறகு யப்பானில் சிப்பிக்குள் மணி வைத்து முத்து வளர்க்கும் முறை கைகூடியது. 1920களில் வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. 1929இல் உலகப் பொருளாதாரமும் சரிந்தது. பிளான்ட் அம்மையாரின் மாலை 1957இல் ஏலத்தில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலருக்கே போயிற்று. மாளிகையில் இன்றும் கார்த்தியே கடை நடக்கிறது. 1917இல் இதை எவரும் ஊகித்திருக்க முடியாது, பியரும் ஊகித்திருக்கமாட்டார்.

ஜாக் 1941இலும் லூயி 1942இலும் காலமானார்கள். அடுத்த தலைமுறையினர் உடன்பிறந்தாரல்லர், ஒன்றுவிட்டவர்கள். ஒரே வீட்டில் உண்டு வளர்ந்த சகோதரர் கடல் கடந்தும் ஒன்றாக இருந்தார்கள். வேறு வேறு நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பிணைப்பு வாய்க்கவில்லை. லூயியின் மகன் குளோட் நியூயோர்க் கடையை 1962இல் விற்றார். பியர் 1964இல் மறைந்தபின் பாரிஸ் கடையும் விற்கப்பட்டது. ஜாக்கின் மகன் ஜான் ஜாக் லண்டன் கடையைத் தனியே நடத்திவந்து, 1974இல் அவரும் விற்றார். மூன்று கடைகளும் பின்னர் மறுபடி ஒன்றாகின, ஆனால் அந்நியர் கையில். இன்று அவை ரிஷ்மொன் என்ற சுவிஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவை.

2009இல் ஜான் ஜாக்கின் தொண்ணூறாவது பிறந்த நாளுக்குக் குடும்பத்தார் கூடினார்கள். விருந்துக்குச் சம்பேன் எடுக்க நிலவறைக்கு இறங்கிய பேத்தி, மூலையில் ஒரு பழைய பெட்டகத்தைக் கண்டார். உள்ளே பொன்னுமில்லை, மணியுமில்லை. கட்டுக் கட்டாகக் குடும்பத்தின் பழைய கடிதங்கள் இருந்தன. பாட்டனார் அடுத்த ஆண்டு காலமானார். அக்கடிதங்களைக் கொண்டு பேத்தி எழுதிய குடும்ப வரலாறு 2019இல் நூலாக வெளிவந்தது.