கசப்புக்குப் பழகிய நாக்கு: சம்மாந்துறையின் இலைக்கறிகள்

இலங்கையின் கிழக்குக் கரையான கீழ்க்கரையில் உள்ள சம்மாந்துறை வயலால் வாழும் ஊர். கிழக்கே காரைதீவுக் கடற்கரை, மற்றப் பக்கமெல்லாம் நெற்காணி. சோறும் மீனாணமும்தான் இங்கே முதன்மை உணவு. மரக்கறி அவற்றுக்குத் துணையாக வந்தது. அதிலும் இலைக்கறியே அதிகம். வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் வல்லாரை, பொன்னாங்கண்ணி, கங்குன்; வளவில் முருங்கை, அகத்தி; வேலியில் முசுட்டை, பாகல்; சேனையில் கத்தரி, சுரை, வெள்ளரி. இவற்றில் பல கசப்பானவை, சில கயர்ப்பானவை. பிள்ளைகள் பீங்கானின் ஓரத்தில் ஒதுக்குவதும் இவற்றைத்தான். அதே பிள்ளைகள் வளர்ந்த பின் பாகற்காயையும் வல்லாரையையும் கேட்டு வாங்கி உண்பார்கள். இந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்ததற்கு அடுக்களையும் குடும்ப அமைப்பும் சமய மரபும் சேர்ந்தே காரணம்.

பிள்ளையின் மறுப்பு வெறும் பிடிவாதம் அல்ல. இனிப்பை அறிய மனித நாக்குக்கு முதன்மையாக ஒரு வகை ஏற்பியே போதும். கசப்பை அறிய ஏறத்தாழ 25 வகைகள் உள்ளன. தாவர நஞ்சுகளில் பல கசப்பானவை என்பதால் இது உடலின் காவல் ஏற்பாடு. சிறு வயதில் இந்தக் காவல் கூடுதல் விழிப்போடு இருக்கிறது. ஒரு மரக்கறி பல தடவை, வற்புறுத்தல் இல்லாமல், தனக்கு வேண்டியவர்கள் உண்பதைக் கண்டபடி முன்னால் வரும்போது பிள்ளையின் நாக்கு மெல்ல இணங்குகிறது. பழக்கம் பிறப்புக்கு முன்பே தொடங்கலாம். கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கரட் கலந்த உணவைக் குறைந்த முகச்சுழிப்போடு ஏற்பதை 2001இல் ஜூலி மெனெல்லாவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள்.

கீழ்க்கரை அடுக்களை இந்த இணக்கத்தை விரைவுபடுத்தக் கண்ட வழிகளில் சிறந்தது சுண்டல். யாழ்ப்பாணத்தின் வறைக்கும் சிங்களவரின் மல்லுமுக்கும் நெருங்கிய உறவு இது. இலையை மிக மெல்லிசாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, தேங்காய்ப்பூவோடு சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டி, அடுப்பை விட்டு இறக்கியபின் தேசிப்புளி விடுவார்கள். மாசித்தூள் சேர்ப்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உப்பு கசப்பை அடக்குகிறது. இதை 1997இல் ப்ரெஸ்லினும் போஷாமும் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள், அடுக்களைக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது. தேங்காயின் கொழுப்பும் மெல்லிய இனிப்பும் கயர்ப்பைத் தணிக்கின்றன. மாசியின் சுவை பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய மீனாணத்தை நினைவூட்டி இலையையும் ஏற்க வைக்கிறது. பாகற்காய்க்கு வழி வேறு: மெல்லிய வளையமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிசறி வைத்து, ஊறிய நீரைப் பிழிந்துவிட்டுப் பொரிப்பார்கள், அல்லது தேங்காய்ப்பாலில் ஆணமாக்குவார்கள்.

இந்தச் சமையல் கைமாறிய முறையும் கவனிக்கத்தக்கது. மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரையான கரையோர முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடிமுறை நிலைத்திருக்கிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிவருவான். ஆகவே பெண் தான் பிறந்த அடுக்களையை விட்டுத் தூரம் போவதில்லை. உம்மம்மாவின் உப்பும் புளியும் பேத்தியின் கைக்கு நேரே வந்து சேர்கின்றன, பிள்ளை ஒரே கைப்பக்குவத்தில் அதே இலையை மீண்டும் மீண்டும் ருசிக்கிறது. மாறாக, வளர்ந்த வயதில் புதிய நாக்குப் பழக வேண்டியவர் மருமகன். மாமியார் வீட்டில் வைத்த கறியைத் தள்ளி வைப்பது மரியாதை அல்ல என்பதால், பிறந்த வீட்டில் ஒதுக்கியதைக்கூட ஆண்கள் இங்கேயே உண்ணப் பழக நேர்ந்தது. உணவுப் பழக்கம் பற்றிப் பேசுவோர் பிள்ளைப்பருவத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்தக் கரை திருமணத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்று காட்டுகிறது.

பிறர் உண்பதைக் கண்டு சுவை பழகுவதற்குச் சமய மரபில் அழகான சான்று ஒன்று உண்டு. தையற்காரர் ஒருவர் தந்த விருந்துக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு சென்ற அனஸ் (ரலி), நபிகள் பாத்திரத்தில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி உண்பதைக் கண்டார். அன்று தொடங்கி தமக்கும் சுரைக்காய் விருப்பமாயிற்று என்று அவர் சொன்னதாக புகாரி நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது. பத்து வயதளவில் நபிகளின் பணிவிடைக்கு வந்தவர் அனஸ். அன்புக்குரியவர் உண்பதைப் பார்த்தே சுவை பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

20ஆம் நூற்றாண்டு மரக்கறிகளின் வரிசையை மாற்றியது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949இல் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கீழ்நிலங்களுக்கு வந்தது. காடும் சேனை நிலமும் நெற்காணியாயின. நெல் பெருகியது, சேனை மரக்கறி சுருங்கியது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் பருப்பு, உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்பட்டபோது, நாடு முழுவதும் மரவள்ளியும் உள்ளூர் இலைகளும் மீண்டும் முன்னுக்கு வந்தன. பஞ்சத்தின் உணவு என்ற எண்ணம் சில இலைகள்மீது ஒட்டிக்கொண்டதும் இத்தகைய காலங்களால்தான். பின்னர் களைநாசினி பரவியதால் வரம்பு இலைகளை நம்பிப் பறிக்க முடியாமல் போயிற்று. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் சந்தையில் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்கும் பொருளாயின.

அதே காலத்தில் மலைநாட்டு மரக்கறி லொறியில் வந்தது. 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலேயப் பண்ணைக் குடியேற்றம் அமைத்த காலம் முதல் அந்தக் குளிர்நிலத்தில் ஐரோப்பிய மரக்கறிகள் வேரூன்றின. கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி ஆகியவை கீழ்க்கரைப் பெரியவர்களுக்குப் புதியவை. இம்முறை பழக வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தான். அடுக்களை பழைய வழியையே கையாண்டது: கோவாவையும் கரட்டையும் மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்த்துச் சுண்டலாக்கியது. இன்று கோவாச் சுண்டல் முருங்கையிலைச் சுண்டலுக்குச் சமமாக இங்கே சோற்றோடு வைக்கப்படுகிறது.