ஒரு காலில் தொடங்கிய லைப்போசக்ஷன் கதை

1/
"டாக்டர், எவ்வளவு நடந்தாலும் இந்தத் தொப்பை மட்டும் கரைய மாட்டேங்குது. லைப்போசக்ஷன் பண்ணிக்கலாமா?"

அடிக்கடி வரும் கேள்வி. இந்தச் சிகிச்சை வந்த பாதை தெரிஞ்சா பதிலை நீங்களே சொல்லிடுவீங்க. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
1920கள், பாரிஸ். ஓர் இளம்பெண்ணுக்குத் தன் கால் பருமனாக இருப்பதாக வருத்தம். நடனக் கலைஞர் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஷார்ல் துஜாரியே என்ற சர்ஜன், கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் க்யூரெட்டால் கால் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார்.

ரத்தக்குழாய் சேதமாச்சு. கால் அழுகிப்போச்சு. கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாச்சு.

3/
வழக்கு கோர்ட்டுக்குப் போனது. டாக்டருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நோயே இல்லாத காலை அழகுக்காக அறுக்கலாமா என்ற கேள்வி பிரான்ஸ் முழுக்கப் பேசப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த வேலையில் கை வைக்கவே சர்ஜன்கள் தயங்கினார்கள்.

4/
ஏன் அப்படி ஆச்சு?

தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு வெண்ணெய்க் கட்டி மாதிரி இருக்காது. தேனடை மாதிரி. அறைகளில் கொழுப்பு, அறைச் சுவர்களில் ரத்தக்குழாயும் நரம்பும். கூர்மையான கருவிக்குக் கொழுப்பு எது, சுவர் எதுன்னு தெரியாது. எல்லாத்தையும் சேர்த்தே வெட்டும்.

5/
1970களின் நடுப்பகுதியில் இத்தாலியில் அர்பாட் ஃபிஷர், அவர் மகன் ஜார்ஜியோ ஃபிஷர் இருவரும் புது வழி கண்டார்கள்: சின்னத் துளை போட்டு, உள்ளீடற்ற குழாயை விட்டு, கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. பெரிய தழும்பு இல்லை. ஆனால் குழாய்க்குள் சுழலும் பிளேடு இருந்தது. ஆபத்து முழுசா போகலை.

6/
1977, மறுபடியும் பாரிஸ். ஒரு பெண்ணுக்கு முதுகில் கொழுப்புக் கட்டி. தழும்பு தெரியக்கூடாது என்றார். இவ்-ஜெரார் இலூஸ் என்ற சர்ஜன் மழுங்கிய முனையுள்ள கேனுலாவை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தார்.

மழுங்கிய முனை தேனடைச் சுவர்களைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டு போகும், வெட்டாது. இன்றைய லைப்போசக்ஷனுக்கு அடிப்படை இதுதான்.

7/
இன்னொரு பிரச்சினை ரத்தம். உள்ளே திரவம் எதுவும் செலுத்தாமல் உறிஞ்சும் 'உலர்' முறையில், வெளியே வருவதில் 20 முதல் 45% வரை ரத்தமாகவே இருக்கும். கொஞ்சம் அதிகம் எடுத்தாலே ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை.

8/
இதை மாற்றியவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன். 1987ல் அவர் வெளியிட்ட முறைக்குப் பெயர் ட்யூமெசன்ட். சலைனில் மிகக் குறைந்த செறிவில் லிடோகெய்ன் (மரத்துப்போகும் மருந்து), அட்ரினலின் கலந்து, அந்த இடம் விம்மும்வரை செலுத்துவார். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ரத்த இழப்பு 1% அளவுக்கு இறங்கியது. முழு மயக்க மருந்தும் தேவைப்படலை.

9/
அட்ரினலினோடு சேர்த்துத் தரும் லிடோகெய்னுக்கு வழக்கமான உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. இந்த முறையில் 35 மி.கி. வரை தாங்கும் என்று க்ளைன் 1990ல் காட்டினார். 60 கிலோ உள்ளவருக்கு 420 மி.கி. எங்கே, 2,100 மி.கி. எங்கே!

காரணம், மருந்து கொழுப்பிலிருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். ரத்தத்தில் அதன் அளவு உச்சம் தொடுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. அதாவது நோயாளி வீட்டுக்குப் போன பிறகு!

10/
முறை எளிதானது. அதனாலேயே பலரும் இறங்கினார்கள். நியூயார்க்கில் 1993 முதல் 1998 வரை இந்த முறையில் நடந்த 5 மரணங்களை 1999ல் ஒரு ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. மூவருக்கு அறுவையின் நடுவே ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் விழுந்தன. ஒருவருக்கு உடலில் திரவம் மிகுந்தது. இன்னொருவருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்தது.

11/
அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்து 2000ல் வெளியான கணக்கெடுப்பு: 4,96,245 சிகிச்சைகளில் 95 மரணங்கள். சுமார் 5,200 பேரில் ஒருவர். நோயில்லாதவர்கள் தாமாக விரும்பிச் செய்துகொள்ளும் அறுவைக்கு இது சின்ன எண் இல்லீங்க.

பிறகு எச்சரிக்கைகள் வந்தன. மொத்தம் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் அன்றிரவு மருத்துவமனையிலேயே கண்காணிப்பு என்பது அதில் ஒன்று.

12/
அல்ட்ராசவுண்ட், லேசர், தானாக அதிரும் கேனுலா எல்லாம் வந்தாச்சு. விளம்பரத்தில் இவைதான் முன்னால் நிற்கும். ஆனா அடிப்படை மாறலை: மழுங்கிய குழாய், விம்மவைக்கும் திரவம், அளவோடு நிறுத்தும் கை.

13/
"கொழுப்பை எடுத்துட்டா சுகர் குறையுமா?"

2004ல் சாமுவேல் க்ளைன் (இவர் வேறு க்ளைன்) குழு, உடல் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து 9-10 கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்தது. 10-12 வாரம் கழித்தும் இன்சுலின் செயல்பாடு, பிரஷர், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. குழாய் போவது தோலடிக் கொழுப்புக்கு மட்டும். குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும்.

14/
2011ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே வருஷத்தில் எடுத்த அளவு கொழுப்பு உடலில் திரும்பியிருந்தது. எடுத்த தொடையில் அல்ல, பெரும்பாலும் வயிற்றில்!

15/
ஆக, எடை ஓரளவு சரியாக இருந்து ஓரிடம் மட்டும் கரையாதவர்களுக்கு உருவம் திருத்த இது உதவும். எடை குறைக்கவோ சுகரைக் குணமாக்கவோ அல்ல.

போவதாக இருந்தால், எந்த மெஷின் என்று கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: செய்பவர் என்ன படித்திருக்கிறார்? மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா? எத்தனை லிட்டர் எடுப்பீங்க? லிடோகெய்ன் கிலோவுக்கு எவ்வளவு? ராத்திரி மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடணும்?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்காதீங்க. பாரிஸில் அந்தப் பெண் இழந்தது, எந்த நோயும் இல்லாத கால்.