சார்ஸ் காலமும் தாதியர் மனமும்



சிங்கப்பூரின் கிழக்குப் பக்கம் கேலாங் செராய் என்றொரு வட்டாரம் உண்டு. 'செராய்' என்ற மலாய்ச் சொல்லுக்கு எலுமிச்சம்புல் என்று பொருள். இன்று கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த அந்த இடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எலுமிச்சம்புல் தோட்டம் இருந்தது. தோட்டத்து வாழ்க்கை நாம் அறிந்ததுதானே! கொள்ளைநோய் வந்தால் லயத்து வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். நோயாளியின் அருகில் நிற்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். அப்படி நிற்பவரின் மனம் என்ன பாடுபடும்? அதற்குச் சிங்கப்பூர் வரலாறு விடை சொல்கிறது.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதி. ஹாங்காங் சென்று திரும்பியவர்கள் வழியாக ஒரு புதிய சுவாச நோய் சிங்கப்பூருக்குள் நுழைந்தது. அதுதான் சார்ஸ். இன்ன நோய் என்று தெரியாத முதல் நாட்களில், அதைக் கவனித்த தாதியரும் மருத்துவர்களுமே நோயில் விழுந்தார்கள். மார்ச் 22-ஆம் நாள், லிட்டில் இந்தியாவுக்கு வடக்கே உள்ள டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூச்சு முட்டும் நோயாளிக்குத் தொண்டை வழியே குழாய் செலுத்திச் சுவாசக் கருவியில் இணைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நோய்க்கிருமி அதிகமாக வெளிப்படும். முகக்கவசம், அங்கி, கையுறை எல்லாம் அணிந்தபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர் நேற்றுவரை உடன் வேலை செய்த தோழியாகவும் இருக்கலாம்.

சிங்கப்பூரில் நோய் கண்டவர் 238 பேர்; இறந்தவர் 33 பேர். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 41 பேர் மருத்துவப் பணியாளர்கள். மருத்துவர் ஓங் ஹோக் சூ, அறுவை மருத்துவர் அலெக்ஸாண்டர் சாவ், தாதிமை அதிகாரி ஹமிதா இஸ்மாயில் உட்படப் பணியாளர் ஐவர் உயிர் நீத்தனர். மே 31-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைச் சார்ஸ் பட்டியலிலிருந்து நீக்கியது.

நோய் போயிற்று; மனக்காயம் போயிற்றா? அந்த ஆண்டே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. தமக்கு நோய் தொற்றும் ஆபத்து பெரிது என்றவர்கள் நூற்றுக்கு 76 பேர். ஆயினும், அது தம் தொழிலோடு சேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 70 பேர்! ஆனால், "என் வேலையைக் காரணமாக வைத்து மக்கள் என்னை ஒதுக்குகிறார்கள்" என்றவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். தம் குடும்பத்தையும் ஒதுக்குகிறார்கள் என்றவர்கள் நூற்றுக்கு 31 பேர். சீருடையோடு நின்ற தாதியரை ஏற்றாமல் போன டாக்சிகளும் உண்டு.

நேயர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். நோய் தந்த பயத்தை அவர்கள் கடமையென்று தாங்கிக்கொண்டார்கள். ஊரார் தந்த ஒதுக்கம் அந்தச் சுமையின்மேல் ஏற்றிய இன்னொரு சுமை. முதல் சுமையை நம்மால் இறக்க முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

சார்ஸ் கற்பித்த பாடத்தால் டான் டோக் செங் மருத்துவமனைக்கு அருகே 2019-இல் தேசியத் தொற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. தாதியர் மீண்டும் அங்கி அணிந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் நோய் பரவியபோது, அடைபட்டுக் கிடந்த நம் தமிழ்த் தொழிலாளர்களின் மனமும் வாடியது. 2006-இல் தொடங்கி, கேலாங்கில் தொழிலாளர்களுக்கு மருத்துவ நிலையம் நடத்திய 'ஹெல்த்சர்வ்' அமைப்பு அவர்களுக்கு மன ஆறுதல் ஆலோசனையும் அளித்தது. எலுமிச்சம்புல் விளைந்த மண்ணில் இப்படியும் ஒரு மருந்து!

நம் தோட்டத்துப் பிள்ளைகளும் தாதியராகப் போகிறார்கள். வேலை முடிந்து வரும் பெண் தூக்கமின்றித் தவித்தால், காரணமின்றி அழுதால், எதற்கெடுத்தாலும் சினந்தால், "உனக்கு மனத்திடம் போதாது" என்று சொல்லாதீர்கள். உட்கார வைத்து, அவள் சொல்வதைக் கேளுங்கள். வாரக்கணக்கில் அந்த நிலை நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த வீட்டுத் தாதிக்குக் கதவைச் சாத்தாதீர்கள். நோய்க்காலத்தில் அருகே போக முடியாவிட்டாலும், வாசலில் ஒரு தூக்குச் சோறு வைக்கலாம். எட்ட நின்று நலம் விசாரிக்கலாம்.

நம்மைக் காப்பவரை நாம் காப்போம்.