சிறுநீரக அமிலாய்டு யாருக்கு வந்தது?

ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1854-ல், இறந்தவர்களின் உடலில் கண்ட சில படிவுகள் மீது அயோடின் விட்டுப் பார்த்தார். நீலச் சாயல் தெரிந்தது. உருளைக்கிழங்கில் அயோடின் விட்டால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் என்ன ஆகும்? அதேதான். மாவுப்பொருளாக இருக்க வேண்டும் என்று நினைத்து 'அமிலாய்டு' என்று பெயர் வைத்தார். உறுப்புகளில் மெழுகுபோலப் படியும் பொருளை 1859-ல் ஆராய்ந்த ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் அது மாவு இல்லை, புரத வகை என்று காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது!

அந்தக் காலத்தில் இது யாருக்கு வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பல வருடம் காசநோயில் கிடந்தவர்கள், எலும்பில் சீழ் பிடித்து ஆறாமல் அவதிப்பட்டவர்கள். காரணம் பிற்பாடுதான் புரிந்தது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. நாலு நாளில் அழற்சி அடங்கினால் பிரச்சினை இல்லை. வருடக்கணக்கில் நீடித்தால் அந்தப் புரதத்தின் துண்டுகள் நார்நாராகத் திரண்டு உறுப்புகளில் படிகின்றன. முக்கியமாக அடிபடுவது சிறுநீரகம். சிறுநீரில் புரதம் ஒழுகும், கால் வீங்கும், கடைசியில் சிறுநீரகம் செயலிழக்கும்.

குழப்பம் வந்தது வேறொரு நோயில். யூதர்கள், ஆர்மீனியர்கள், துருக்கியர்கள், அரபியர்கள் மத்தியில் சில குடும்பங்களில் ஒரு காய்ச்சல் உண்டு. கடும் வயிற்றுவலியோடு வரும், இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும், பிறகு மறுபடி வரும். நியூயார்க்கில் சீகல் என்ற மருத்துவர் 1945-ல் இதை விவரித்தபோது, வைத்த பெயரிலேயே 'தீங்கற்ற' என்ற அடைமொழியைச் சேர்த்திருந்தார். தீங்கற்றதாவது! 1950-களில் பாரிஸிலும் பிறகு இஸ்ரேலிலும் பார்த்த மருத்துவர்களுக்கு, இந்த நோயாளிகளில் பலர் இளம் வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறப்பது தெரிந்தது. படிந்திருந்தது அமிலாய்டு. நோய்க்குக் 'குடும்ப மத்தியதரைக் காய்ச்சல்' என்ற பெயர் நிலைத்தது.

மருந்து கிடைத்தது 1972-ல். கீழ்வாதத்துக்குப் பழங்காலத்திலிருந்து கொடுத்து வந்த கோல்ச்சிசின்தான் அது. பாஸ்டனில் கோல்ட்ஃபிங்கரும் துருக்கியில் ஓஸ்கானும் அதே ஆண்டில் தனித்தனியே எழுதினார்கள். (தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் இதே சரக்குதான். கண்வலிக்கிழங்கு என்று திண்டுக்கல், கரூர் பக்கத்து விவசாயிகள் பயிரிட்டு விதையை விற்பது இதற்காகத்தான்.) இஸ்ரேலில் 1,070 நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் இல்லாதவர்கள் 960 பேர். இவர்களில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 4 பேருக்கு மட்டுமே பிறகு புரதம் தெரிந்தது. ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று ஒத்துக்கொண்ட 54 பேரில் 16 பேருக்கு! விலை மலிவான பழைய மாத்திரை ஒன்று செய்த வேலை இது.

1997-ல் இந்த நோய்க்கான மரபணுவும் கிடைத்தது. அதில் எம்694வி என்ற மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் அமிலாய்டு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. ஆக எல்லாம் பிறப்பிலேயே எழுதியாகிவிட்டது என்றுதானே தோன்றும்?

ஆனால் ஓர் இடறல் ஏற்கெனவே இருந்தது. கலிஃபோர்னியாவில் குடியேறிய ஆர்மீனியர்களில் 100 நோயாளிகளைப் பற்றி 1974-ல் வந்த கட்டுரையைப் பார்த்தால், அவர்களிடம் அமிலாய்டு மிக அரிது. ஆர்மீனியாவிலேயே இருந்தவர்களிடமோ அது சாதாரணம். அதே இனம், அதே நோய், வசிக்கும் நாடு மட்டும் வேறு.

14 நாடுகளைச் சேர்ந்த 2,482 நோயாளிகளை வைத்து 2007-ல் வெளியான ஆய்வு இதை நேராகவே கேட்டது. சிறுநீரக அமிலாய்டு வந்தவர்கள் 260 பேர். ஆபத்துக் காரணிகளில் முதலிடம் நோயாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கு. எம்694வி இரண்டாவதுதான். ஆர்மீனியா, துருக்கி, அரபு நாடுகளில் ஆபத்து கூடுதல். நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அந்த வரிசை இன்னொரு பட்டியலோடு பெருமளவு ஒத்துப்போனது. அது அந்தந்த நாட்டின் குழந்தை இறப்பு விகிதம்.