வெப்பமானி காட்டாத நோய்

இராக் குளிரிலும் பகல் வெயிலிலும் தொழில் செய்யும் குருநகர்க் கடற்றொழிலாளியின் உடற்சூடு பெரிதும் மாறுவதில்லை. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் என்னும் பகுதி, தோலின் குருதிக் குழாய்களை விரித்தும் சுருக்கியும், வியர்வையையும் நடுக்கத்தையும் எழுப்பியும் அதனைக் காக்கின்றது.

1868இல் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக், ஆயிரக்கணக்கான நோயாளரின் சூட்டை அளந்து, 37 பாகை செல்சியசே இயல்பு என நிறுவினார். மருத்துவத்துக்கு அது பெருங்கொடை. ஆயினும், காய்ச்சல் இல்லையேல் நோயில்லை என்ற எண்ணமும் வெப்பமானியோடு வேரூன்றியது.

1955இல் லண்டன் ரோயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் ஊழியர், நோயுற்றனர். காய்ச்சலோ சிறிது, தளர்ச்சியோ பெரிது. மருத்துவமனையே சில மாதங்கள் மூடப்பட்டது. 1970இல் மக்இவிடி, பியர்ட் என்னும் மனநோய் மருத்துவர் இருவர், இதனைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றனர். பாதிக்கப்பட்டோருட் பெண்களே மிகுந்திருந்தமை அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று!

நாட்பட்ட களைப்பு நோய் என இன்று அறியப்படும் இந்நோய் உடலைச் சார்ந்ததே என்று 2015இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு அறிவித்தது. வெப்பமானியில் மாற்றமின்றியே காய்ச்சலுணர்வு தோன்றலாம். வெயிலும் குளிரும் தாங்கவொண்ணாதன ஆகலாம். சிறிது உழைப்பும் மறுநாள் படுக்கையில் வீழ்த்தும். ஆகவே, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை 2021இல் பிரித்தானிய வழிகாட்டி கைவிட்டது.

அன்றாட உழைப்பில் உண்பவனுக்கு இவ்வரலாறு ஏட்டுச் செய்தியன்று. எழ இயலாதவனைச் சோம்பேறி என்னுமுன், தொழிலுக்குப் போய்வந்த மறுநாள் அவன் உடல்நிலை யாதென நாம் கேட்போமாக.