மீன் இல்லாத பர்மா சாப்பாடு

அக்கா பெண் பெங்களூரிலிருந்து மும்பை வருகிறாள் என்றாலே எங்கள் வீட்டு அடுப்படியில் பதற்றம்தான். அவள் வீகன். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. "ரசத்துல நெய் தாளிக்கலையே அத்தை?" என்று கேட்பவளுக்குத் தங்கமணி என்னதான் சமைப்பார், பாவம். "மாமா, பேசாம வெளியில போயிடலாம்" என்று அவளே எங்களைக் கூட்டிக்கொண்டு போன இடம், கோட்டைப் பகுதியில் இருக்கும் பர்மா பர்மா.

2014-இல் ஆரம்பித்த உணவகம் இது. முட்டைகூட இல்லாத முழுச் சைவம். நடத்துபவர்களில் ஒருவரின் தாய்வழிக் குடும்பம் பர்மாவில் வாழ்ந்த குடும்பம். தேங்காய்ப்பால் விட்ட காவ் சுவே வந்தது. அருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். பர்மா சமையலுக்கு மீன்தானே உயிர்? மீனையும் இறாலையும் உப்பிட்டுப் புளிக்கவைத்த ஙாப்பி இல்லாமல் அங்கே ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. தேசிய உணவான மொஹிங்காவே கெளுத்தி மீன் குழம்பு. அப்படிப்பட்ட ஊர்ச் சாப்பாடு மீன் வாடை இல்லாமல் எப்படி வந்தது?

கொஞ்சம் பௌத்தம் காரணம். பர்மிய மொழியில் சைவச் சாப்பாட்டுக்கு 'தெத் தத் லுத்' என்று பெயர். உயிர்க்கொலை நீங்கியது என்று அர்த்தம். (நம் வள்ளுவரின் 'கொல்லாமை' ஞாபகம் வரவில்லை?) ஜூலையிலிருந்து அக்டோபர் வரையிலான மழைக்கால விரத மாதங்களில் கறி மீனை விடுபவர்கள் அங்கே உண்டு. இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் 'வீகன்' என்ற சொல்லையும் அதற்கொரு சங்கத்தையும் உண்டாக்கியது 1944-இல்தான்.

மீதிக் காரணம் கடலைமாவு. காவ் சுவே குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான். ஷான் மாநிலத்து டோஃபு சோயாவில் செய்வதல்ல, கடலைமாவுக் களியை ஆறவைத்து வெட்டுவது. சரி, கடலைக்கு பர்மிய மொழியில் என்ன பெயர் தெரியுமா? 'கலா பே'. பே என்றால் பயறு. கலா என்றால் இந்தியன். மரியாதையான சொல் இல்லை, நம்மவர்களைத் திட்டுவதற்கும் அதுதான். தோசை அங்கே தோஷே, பரோட்டா பலாத்தா. நம் சாமான்களை எல்லாம் வைத்துக்கொண்டார்கள். ஆட்களைத்தான் வேண்டாம் என்றார்கள்.

ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை நாமும் கொஞ்சம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நெல் விளைந்த கீழ் பர்மாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில். கடன் கொடுக்கப் போனவர்கள் செட்டியார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம். விவசாயிக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் அடி விழுந்தது வட்டி வாங்கியவன் மேல் மட்டுமா? 1930 ரங்கூன் கலவரத்தில் செத்தவர்களில் மூட்டை தூக்கியவர்கள்தான் ஏராளம்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். 'பராசக்தி' பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். சுமார் 5 லட்சம் பேர் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள், பெரும்பாலும் காட்டு வழியே கால்நடையாக. வழியில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். தங்கியவர்களையும் திரும்பிப் போனவர்களையும் 1962-இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் விடவில்லை. 1964-இல் கடைகள் அரசுடைமை, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. கிட்டத்தட்ட 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். பணத்தையும் நகையையும் கொண்டுவர விடவில்லை.

கைப்பக்குவத்தை எந்தச் சுங்க அதிகாரி பிடுங்க முடியும்? சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது, பக்கத்துத் தெருவில் அத்தோ வண்டிகள் வந்தன. பர்மியத்தில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். இந்த சூப்பைத்தான் கவனிக்க வேண்டும். மொஹிங்காவில் மீனோடு வாழைத்தண்டும் வேகும். இங்கே பல வண்டிகளில் மீன் போய்விட்டது, தண்டு மட்டும் நின்றது. வீகன் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள், எல்லோரும் வாங்கிச் சாப்பிட வேண்டுமே என்று யோசித்துச் செய்தது. மும்பையில் பீங்கான் கிண்ணத்தில் வரும் பதார்த்தத்துக்கு அந்த வண்டி ஒன்றுவிட்ட அண்ணன். ஆனால் விலையைப் பார்த்தால் உறவு தெரியாது :-)

நான் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் காவ் சுவே ஆறிவிட்டது. அக்கா பெண் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்த வண்டியில நான் சாப்பிடலாமா மாமா?" தாராளமாக. முட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடவும், நூடுல்ஸ் மாவில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளவும். சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கவும். சாயங்காலத்துக்கு மேல் போனால்தான் சூடாகக் கிடைக்கும்.