ஆறும் பதினாறும்

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை வேளையில் அரைமணி நேரம் நின்றால் போதும். உலகத்தில் எத்தனை தினுசுச் சக்கரம் உண்டோ அத்தனையும் கண்முன்னே உருண்டு போய்விடும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் அங்கேதான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரி, ஷிப்ட் முடிந்த தொழிலாளரை ஏற்றிப் போகும் பஸ், இடையே வைக்கோல் பாரத்துடன் ஒரு டிராக்டர்.

அந்தச் சந்தியிலே ஒரு டயர்க் கடை வாசலில், ஒரு பழைய ஜீப்பின் பக்கத்தில், நானும் என் மருமானும் நின்றிருந்தோம். ஜீப் என்பது பாதி உண்மைதான். பின்பாதியை எடுத்துவிட்டுப் பலகைத் தொட்டி கட்டிப் பாரவண்டியாக்கி, அந்நாளிலேயே ஆர்.சி. புத்தகத்திலும் அப்படியே பதிந்த வண்டி. என் தமக்கையின் கணவர் போடிநாயக்கனூரில் இருந்தபோது இருபது வருஷம் அதில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்கினார். அவர் காலமான பிறகு வண்டி மகனிடம் வந்தது. அவனுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வண்டிக்குப் பச்சை வர்ணம் பூசிவிட்டான். பாக்கி இருந்தது பாதரட்சை ஒன்றுதான்.

"முப்பத்தொரு அங்குல டயர், மாமா! பத்தரை அங்குலம் அகலம். மாட்டிட்டா வண்டி புலி மாதிரி நிக்கும்" என்றான்.

நான் குனிந்து பழைய டயரின் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தேன். 6.00–16 என்று எழுதியிருந்தது.

இந்த இரண்டு எண்களுக்கு ஒரு வம்ச சரித்திரமே இருக்கிறது. காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் உரிமை பெற்றவர் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வருஷம் 1845. குதிரை வண்டிக் காலத்தில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக மறுபடியும் அதையே கண்டுபிடித்தார். 1895-ல் பிரான்ஸில் மிஷெலின் சகோதரர்கள் மோட்டார் காரிலேயே அதைப் பூட்டிப் பாரிஸிலிருந்து போர்டோ வரை போய்த் திரும்பினார்கள்.

ஆரம்பத்தில் டயரின் மேல் எழுதியது வெளி விட்டத்தை. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி காரின் பின்சக்கரம் '30 × 3½'. அதாவது முழு உயரம் 30 அங்குலம், தடிமன் மூன்றரை. உள்ளேயிருக்கும் ரிம் எவ்வளவு என்று வாங்குபவன்தான் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், 23 அங்குலம். கல்லில் இடித்தால் பல் ஆடும்படியான ஒல்லி டயர்கள் அவை. 1920-களின் நடுவில் பலூன் டயர் என்று பருத்த தினுசு வந்தது. டயர் பருக்கப் பருக்க ரிம் சிறுத்தது. எழுதும் முறையும் தலைகீழாயிற்று: முதலில் அகலம், பிறகு ரிம்மின் விட்டம். மாடல் டி காருக்கே கடைசியில் 4.40–21 வந்துவிட்டது. 1930-களில் 6.00–16 அமெரிக்காவில் சாதாரணக் குடும்பக் கார்களின் அளவு. யுத்தத்துக்காக ஜீப்பை வடிவமைத்தபோது அதே அளவை அதற்கும் கொடுத்தார்கள். 1947-ல் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது அந்த எண்ணும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கடைசியில் போடிமெட்டுக்கும் ஏறியது.

அந்த யுத்தத்தைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1942-ல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனதும், உலகத்தில் டயர் என்பது தங்கமாகிவிட்டது. ஏனென்றால் அந்த ரப்பர்ப் பால் வடிந்ததில் கணிசமான ஒரு பங்கு மலாயாத் தோட்டங்களில். அதை விடியற்காலை இருட்டில் மரம் மரமாகச் சீவி எடுத்த கைகளில் பெரும்பாலானவை நம் தமிழ் ஜனங்களின் கைகள். டயரின் சரித்திரம் எழுதுகிறவர்கள் பெல்பாஸ்டையும் பாரிஸையும் எழுதுகிறார்கள். அந்தக் கைகளுக்கு ஒரு வரி கூட விடுவதில்லை.

மரத்தைச் சீவிய நாம் டயரையும் செய்யத் தொடங்கியது பிற்பாடு. 1946-ல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் ஊதினார். 1952-ல் பழைய டயருக்கு ஒட்டும் ரப்பர். 1961-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கூட்டுறவோடு முழு டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். 1959-ல் அம்பத்தூரில் டன்லப் ஆலை வந்தது. பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தார் வீல்ஸ் இந்தியா என்று சக்கரத்துக்கென்றே ஓர் ஆலை வைத்தார்கள். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கார்கள் 1988 வரை உருவாகின. பிறகு தொழில் மேற்கே நகர்ந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார்கள் வெளிவந்தன. 2010-ல் ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட் ஆலைகள். ராமானுஜர் அவதரித்த ஊருக்கு இன்று ரப்பர் வாசனையும் சொந்தம்.

இவ்வளவு டயர் உருளும் சீமையில் நின்றுகொண்டு, 'இந்தக் கிழட்டு எண்ணையே ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்?' என்று மருமான் கேட்டது நியாயம்தான். கடைக்காரர் நிதானஸ்தர். வியாபாரம் போனாலும் போகட்டும் என்று ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"தம்பி, உங்க பழைய டயர் நட்டமா நின்னா உயரம் இருபத்தெட்டு, இருபத்தெட்டரை அங்குலம். நீங்க கேக்கறது முப்பத்தொண்ணு. ஒரு சுத்துக்கு ஒம்பது பங்கு அதிகமா ஓடும், நூத்துக்கு. ஸ்பீடாமீட்டர் அறுபதுன்னு காட்டும். நீங்க அறுபத்தஞ்சுல போயிட்டிருப்பீங்க."

அது போகட்டும். பெரிய சக்கரம் என்றால் கியரே ஒரு படி உயர்ந்ததுபோல் ஆகிவிடும். மேட்டில் என்ஜின் திணறும். நிறுத்தும்போதும் அதே கதை: ஒன்பது அங்குல பிரேக் டிரம் ஒன்றுதான், அது பிடித்து நிறுத்தவேண்டிய சக்கரம் மட்டும் பெரிது. அகலமோ, ஸ்டியரிங்கைத் திருப்பினால் பட்டைவில்லில் உரசும். உரசாமலிருக்கச் சக்கரத்தை வெளியே தள்ளிப் பூட்டினால், பாரமெல்லாம் ஹப்பின் பேரிங்கில் விழும். ஜீப்புக்கு ஐந்து போல்ட்டு, ஐந்தரை அங்குல வட்டத்தில். அது பொருந்தியதும் எல்லாம் பொருந்திவிட்டதாக நம் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போல்ட்டு பொருந்துவது ஜாதகத்தில் ஒரு பொருத்தம், அவ்வளவுதான்.

"சரி, உயரம் மாறாம அகலமா ஒண்ணு போடலாமா?" என்றான் மருமான்.

அவன் கேள்வி சாமர்த்தியமானது. மிஷெலின் கம்பெனி 1946-ல் உரிமை பெற்ற ரேடியல் டயர் வந்தபிறகு எழுத்துமுறை மூன்றாம் தடவையாக மாறிவிட்டது. 235/70 R16 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர். கன்னத்தின் உயரம் அதில் நூற்றுக்கு 70, அதாவது 164½. மேலும் கீழும் சேர்ந்து 329. பதினாறு அங்குல ரிம்முக்கு 406. கூட்டினால் 735 மில்லிமீட்டர், 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உயரம் ஏறத்தாழ ஒத்துப் போகிறது! ஆனால் ஜீப்பின் பழைய ரிம் நாலரை அங்குல அகலம். இந்த டயர் குறைந்தது ஆறு அங்குலம் கேட்கும். ஒல்லி ரிம்மில் பருத்த டயரை ஏற்றினால் வளைவில் அது பக்கவாட்டில் நெளியும். பழைய ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடும் கிடையாது. ட்யூப் இல்லாமல் ஓட்டுவது அபாயம். ரிம்மையும் மாற்றினால் சட்டம் குறுக்கே வரும்: தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குச் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் கண்டிப்பாகப் பொருள் சொல்லியிருக்கிறது.

மருமானின் முகம் விழுந்துவிட்டது. அப்போது என் கண், கடைத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்த ஒரு டயரின் மேல் விழுந்தது. அதிலும் 6.00–16. விலையும் சல்லிசு. அவனும் பார்த்துவிட்டான். "இதைப் போட்டுடலாமே!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது டிராக்டரின் முன்சக்கர டயர். எண் ஒன்றேதான். ஆனால் வயலில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் நகர்வதற்காகச் செய்தது. அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, எங்கோ ஒரு கடையில் அளவு சரியாயிருக்கிறதென்று அவன் தகப்பனாருக்கு இதே தினுசை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் அவசரம். மதுரைக்குப் போகும் வழியில், உசிலம்பட்டி தாண்டி, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்டயர் சூடேறி உரிந்து வெடித்தது. வண்டி ஒரு புளியமரத்துக்கு ஒரு சாண் இந்தப்பக்கம் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் தமக்கையிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "நம்பரைப் பாத்தேன், ஜாதியைப் பாக்கலே."

இதை நான் அவனிடம் அதுவரை சொன்னதில்லை; தமக்கையும் சொன்னதில்லை போலிருக்கிறது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடைக்காரரிடம், "ஜீப்புக்குன்னே வர்ற ஆறு பதினாறு இருக்கா, அண்ணே?" என்று கேட்டான். உள்ளே நாலு இருந்தது. ட்யூபும் புதிதாகவே வாங்கினோம்.

"ஸ்டெப்னி?" என்றார் கடைக்காரர்.

ஸ்டெப்னி! வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் அங்கே, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்விக்கொள்ளும் ஆரமில்லாத ஒரு துணைச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அந்தக் கருவி மறைந்து போய் எத்தனையோ காலமாயிற்று. தெருவின் பெயர் மட்டும் ஒரகடத்துப் பஞ்சர்க் கடை வரைக்கும் வந்திருக்கிறது.

மருமான் தொட்டியில் ஏறி, தகப்பனார் காலத்து ஐந்தாவது சக்கரத்தை உருட்டி வந்து காட்டினான். பட்டன் அதிகம் தேயவில்லை. ஆனால் கன்னத்தில் மெல்லிய வெடிப்புகள். கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். டயரை மட்டும் கழற்றிவிட்டு, அந்த ரிம்மைச் சுரண்டி வர்ணம் பூசி வைக்கும்படி சொல்லிவிட்டு, ஐந்தாவது டயர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு நாங்கள் கிளம்பினோம்.